எப்ரோ நதிக்கரையில் ஒரு பாதை

பாதையிற் செல்பவன் அது தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்கிறான். அதை வெட்டியவர் யார் என்று கேட்பதில்லை. கேளாதிருப்பது மனித சுபாவம். ஆயினும் சரித்திரம் என்பது கேளாத அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. அவ்விதம் கேட்கத் தகுந்த ஒரு பாதையைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டேன்.

சைக்கிள் நம் போன்றவர்களின் வாகனம். தோட்டத்திலே விடியற்காலைப் பெரட்டுக்கும், ஆபீசுக்கும், ஸ்டோருக்கும், லயங்களுக்குமாக ஒரு கிராணி தன் ஆயுளில் மிதிக்கும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் உலகத்தையே ஒரு சுற்று வந்த கணக்காகிவிடும். நமக்கு அது வேலையின் கருவி. ஐரோப்பாவிலோ மூட்டையைப் பின்னாற் கட்டிக்கொண்டு, நாட்கணக்கில் ஊர் ஊராகச் சைக்கிளிற் செல்வது ஓர் இன்பப் பிரயாணம். அத்தகைய பிரயாணிகள் விரும்பித் தேடிச் செல்லும் இடங்களில் ஒன்று, ஸ்பெயின் தேசத்து எப்ரோ நதியின் கீழ்ப்பகுதி. நான் அங்கே சென்றவனல்லன். நூல்களாலும் படங்களாலும் அறிந்தவனே. ஆனால் அந்தப் பாதையின் கதையைப் படித்த பிறகு, தோட்டத்துச் செம்மண் பாதையில் மிதிக்கும்போதுகூட அது என் நினைவை விட்டு அகலவில்லை.

நதியும் நாடும்

எப்ரோ, ஸ்பெயினின் வடக்கு மலைகளிற் பிறந்து, தென்கிழக்காக ஏறக்குறைய 930 கிலோமீட்டர் ஓடி, மத்தியதரைக் கடலில் விழுகிறது. ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்த நிலப்பகுதிக்கு ஐபீரியா என்ற பெயர் இந்நதியின் பழம்பெயரிலிருந்து வந்ததென்பர். கடலுக்கு அணித்தே, கத்தலோனியா மாகாணத்தின் தென்கோடியில், மலைகளைப் பிளந்துகொண்டு நதி வெளிவருகிறது. அதன் மேற்கே உயர்ந்து கிடக்கும் வறண்ட பூமிக்குத் தெர்ரா ஆல்தா, அதாவது மேட்டு நாடு, என்று பெயர். திராட்சையும், ஒலிவமும், வாதுமையும் அவ்வூரார் ஜீவனம். செல்வம் கொழிக்கும் நாடன்று; கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, மழையை எதிர்பார்த்து உழைக்கும் குடியானவர் நாடு.

ஊர்ப்பெயர்களே அங்கே சரித்திர ஏடுகள். பெனிபல்யெட், பெனிசனெட் என்று நதியோரம் ஊர்கள் உள. ‘பெனி’ என்பது ‘இன்னாருடைய மக்கள்’ என்று பொருள்படும் அரபுச் சொல். பல நூற்றாண்டுகள் இங்கே முஸ்லிம்கள் ஆண்டனர், வாய்க்கால் வெட்டினர், நீர்ச்சக்கரம் அமைத்தனர். 1148-இல் தோர்த்தோசா நகரும், 1153-இல் மிரவெட் கோட்டையும் கிறிஸ்தவர் கைக்கு மாறின. அரசர் மாறினரேயன்றி உழுதவர் மாறவில்லை. பின்னர் 1609 முதல் ஸ்பானிய அரசாங்கம், முஸ்லிம் முன்னோருக்குப் பிறந்தவர் என்ற ஒரே குற்றத்துக்காக லட்சக்கணக்கான குடிகளைத் தேசத்தைவிட்டுத் துரத்தியது. ஆயினும் எப்ரோக் கரையிலே அவர்களிற் பலர் தப்பித் தங்கினர்; தோர்த்தோசாவின் கிறிஸ்தவ மேற்றிராணியாரே அவர்களுக்காகப் பரிந்து பேசினார். மதத்தின் பேரால் மனிதனைத் துரத்துவோரும், அதே மதத்தில் நின்று அவனைக் காப்போரும் எக்காலத்தும் உண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

சாலைகள் ஏற்படும் முன்னர் நதியே பாதை. ‘யாகுட்’ என்னும் நீண்ட படகுகள் கோதுமையும் திராட்சை மதுவும் நிலக்கரியும் ஏற்றிக் கீழ்நோக்கிச் சென்றன. திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்க்க வேண்டும். கரையோரப் பாதையில் மனிதரும் கோவேறு கழுதைகளும் தோளிற் கயிறு கட்டிப் படகை இழுத்துச் சென்றனர். இழுத்தவர் காலடி பட்டுப் பட்டு உண்டான அப்பாதைக்கு ‘இழுகயிற்றுப் பாதை’ என்று பெயர். பிற்காலத்தில் அணைகள் எழும்பி, மெக்கினென்சா, பயோன் என்னும் பழைய ஊர்கள் அழிந்தன. பயோனில் நீருக்கு மேலே கோயிற் கோபுரம் ஒன்று மட்டும் தலைநீட்டி நிற்கின்றது. மெக்கினென்சாவின் மைந்தர் ஹெசூஸ் மொன்காடா, 1988-இல் வெளிவந்த தமது நாவலுக்கு அந்த இழுகயிற்றுப் பாதையின் பெயரையே சூட்டினார்.

கடலைக் காணாத இருப்புப் பாதை

நாம் சொல்லவந்த பாதை இவற்றுக்குப் பிற்பட்டது. உள்நாட்டு அராகோன் மாகாணத்து விளைபொருள்களைக் கடலுக்குக் கொண்டுவர ஓர் இருப்புப் பாதை வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் திட்டமிட்டனர். லா புவெப்லா தெ ஈஹார் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, எப்ரோவின் முகத்துவாரத்துக்கு அருகேயுள்ள சான் கார்லோஸ் தெ லா ராபிதாத் துறைமுகத்தை அடைவது திட்டம். 1895-இல் வண்டி அல்கான்யிஸ் நகரம் வரை வந்தது. பிறகு பணமில்லை என்று நின்றது. பல ஆண்டுகள் கழித்து வேலை மறுபடி தொடங்கிற்று, மறுபடி நின்றது. மலையைக் குடைந்தவர்களும் பாலம் கட்டியவர்களும் கூலி வாங்கிக்கொண்டு போயினர். கட்டின பாலத்தின்மேல் ஆடுகள் மேய்ந்தன.

அந்த வேலையின் அருமையை ஒரு குகையே காட்டும். வால்தெயால்கோர்பா என்னும் ஊருக்கு அருகே 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேரான குகை ஒன்றுண்டு. இரவும் பகலும் ஒத்திருக்கும் இரண்டு நாட்களை ஒட்டி, வருஷத்தில் இருமுறை சூரியவொளி இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளிவருகிறதாம். இன்று அதைக் காண ஜனங்கள் கூடுகின்றனர். அதை வெட்டியவர் பெயரைச் சொல்ல வல்லார் எவருமிலர்.

தெர்ரா ஆல்தாவின் குடியானவர்களோ, இந்த வண்டியை எதிர்பார்த்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை. திராட்சைக் கொடிகளை ஒருவகைப் பூச்சி அழித்துப் போக, தனித்தனியே நின்றால் வியாபாரியிடம் அடிபட்டுச் சாவோம் என்று கண்டு, கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1919-இல் காந்தெசா ஊராருக்காகச் செசார் மார்த்தினெல் என்னும் சிற்பி ஒரு மது உற்பத்திச் சாலை கட்டினார். இரும்பும் உயர்ந்த மரமும் வாங்க வசதியில்லாமையால், செங்கல்லையே வில்போல் வளைத்து உயர்ந்த மண்டபமாக்கினார். பார்ப்பவர் அதைக் கோயில் என்றே மயங்குவர். ‘மதுவின் பேராலயங்கள்’ என்று அத்தகைய கட்டிடங்களுக்குப் பெயர் வழங்குகிறது. பிரபுக்களும் அரசர்களும் கட்டியவற்றைப் பார்க்கப் போகிறோம்; குடியானவர்கள் கூடிக் கட்டியதையும் பார்க்க வேண்டாமா?

1938-ஆம் வருஷம்

1931-இல் ஸ்பெயினில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு ஏற்பட்டது. 1936 ஜூலையில் பிராங்கோ முதலிய சேனாதிபதிகள் அக்குடியரசுக்கு விரோதமாகக் கிளர்ந்தனர். ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்கு விமானமும் ஆளும் அனுப்பினர். பிரிட்டனும் பிரான்சும் ‘தலையிடோம்’ என்று கையைக் கட்டிக்கொண்டன. ஆயினும் ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்களின் சாதாரண ஜனங்கள், தொழிலாளரும் மாணவருமாக, சர்வதேசப் படை என்ற பெயரில் குடியரசைக் காக்கச் சென்றனர்.

1938 ஏப்ரலில் பிராங்கோவின் படை கடலைத் தொட்டுக் குடியரசை இரு துண்டாக்கியது. அந்த மாதத்திலே காந்தெசாவை ஒட்டிய சண்டையில் சிறைப்பட்டவர்களுள் ‘ஜான் ஸ்மித்’ என்று ஒருவர் இருந்தார். அவர் ஆங்கிலேயர் அல்லர். கோபால் முகுந்த ஹுத்தார் என்னும் இந்தியர். இலண்டனுக்குப் படிக்கச் சென்றவர், அங்கிருந்து மாற்றுப் பெயருடன் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார். சான் பெத்ரோ தெ கார்தேன்யா என்ற பழைய மடாலயத்தில் மற்றக் கைதிகளோடு அடைபட்டுக் கிடந்து, பின் விடுதலையாகித் தாய்நாடு திரும்பினார். அதே வருஷம் ஜூன் மாதம் ஜவாஹர்லால் நேருவும் வி. கே. கிருஷ்ண மேனனும் குண்டு விழும் பார்சிலோனாவுக்கு நேரிற் சென்றனர். ஸ்பெயினின் துயரம் நமக்கு அந்நியம் என்று அன்றைய இந்தியத் தலைவர்கள் எண்ணவில்லை.

ஜூலை 25-ந் தேதி, நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், குடியரசுச் சேனை படகுகளிலும் மிதவைப் பாலங்களிலும் எப்ரோவைக் கடந்தது. கோர்பெராவைப் பிடித்தது, காந்தெசாவின் வாயில் வரை சென்றது, அங்கே நின்றது. எதிரிகள் மேற்பகுதி அணைகளைத் திறந்துவிட்டு வெள்ளத்தால் பாலங்களை அடித்துச் சென்றனர். விமானங்கள் மீதியை உடைத்தன. பாந்தோல்ஸ், கபால்ஸ் என்னும் மொட்டை மலைகளில் குழி தோண்டக்கூட மண் இல்லை, பாறைதான். ஆகஸ்டு மாத வெயிலில், தண்ணீருக்கு வழியில்லாமல், குண்டுக்கும் தெறிக்கும் கல்லுக்கும் இடையே மனிதர் மாண்டனர். குடியரசின் பக்கம் நின்றவர்களுள் பலர் 17, 18 வயதுப் பிள்ளைகள். பால்புட்டி மறவாத வயதினர் என்பதனால் அவர்களைப் ‘பால்புட்டிப் பட்டாளம்’ என்று அழைத்தனர். அந்தப் பெயரிற் சிரிப்புமுண்டு. கேட்ட தாய்மாருக்கு அது சிரிப்பாயிராது.

நதியின் மறுபக்கம், லா பிஸ்பால் தெ பல்செட் என்னும் ஊரருகே, ஒரு மலைக் குகை ஆஸ்பத்திரியாயிற்று. பேஷன்ஸ் டார்ட்டன் முதலிய ஆங்கிலத் தாதிமார் அங்கே தொண்டு செய்தனர். தம் பக்கத்தாரென்றும் எதிரியென்றும் பாராமல் காயப்பட்டவர் எல்லாரும் அக்குகையிற் கிடத்தப்பட்டனர். யுத்தத்தின் நடுவே மனிதத்தன்மைக்கு மிஞ்சியது ஒரு குகைதான் போலும்!

கடலைக் காணாத அந்த இருப்புப் பாதைக்கு இப்பொழுதுதான் வேலை வந்தது. குடியானவனின் மதுவை ஏற்ற வராத வண்டி, பிராங்கோவின் படைக்கு ஆளையும் குண்டையும் ஏற்ற வந்தது. நாற்பது வருஷம் இல்லாத பணமும் அவசரமும் யுத்தத்துக்கு உடனே கிடைத்தன. 115 நாட்களுக்குப் பின், நவம்பர் 16-ந் தேதி, குடியரசின் கடைசிப் படைகள் நதியைக் கடந்து பின்வாங்கின. இரு பக்கத்திலும் பல்லாயிரம் பேர் மாண்டனர். அடுத்த சில மாதங்களில் குடியரசும் மாண்டது.

அதன்பின் பாதையின் மீதிப் பகுதி 1940-களின் தொடக்கத்தில் தோர்த்தோசாவரை முடிக்கப்பட்டது. தோற்றவர்களாகிய போர்க் கைதிகளும் அதில் வேலை வாங்கப்பட்டனர். கைதிகளையும் கட்டாயக் கூலிகளையும் கொண்டு போட்ட இருப்புப் பாதை என்றால், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டாரான மலாயாத் தமிழருக்கு நான் விளக்கம் கூற வேண்டுவதில்லை.

இத்தனை உழைப்பும் எதற்காயிற்று? வண்டிகள் முப்பது வருஷத்துக்குச் சற்றே மேலாகத்தான் ஓடின. 1973 செப்டம்பரில் ஒரு குகை இடிந்தது. செப்பனிடச் செலவு என்று அரசாங்கத்தார் பாதையையே மூடினர். வண்டி கடைசிவரை கடல் துறைமுகத்தை எட்டவில்லை.

இடிந்த ஊரும் பொறுக்கிய இரும்பும்

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வயல் இல்லை. வயலில் இருந்தது இரும்பு. வெடித்த குண்டும் வெடியாத குண்டுமாகக் கிடந்தவற்றைப் பொறுக்கிப் பழைய இரும்புக்கு விற்று அடுப்பெரித்தனர். வெடியாதது கையில் வெடித்து மாண்டவரும் உண்டு. கோர்பெரா ஊர் குண்டுவீச்சால் இடிந்தது இடிந்தபடி குன்றின்மேல் நின்றது. ஜனங்கள் அடிவாரத்திற் புது வீடு கட்டிக்கொண்டனர். இன்றும் அந்தப் பழைய ஊர், கூரையிழந்த சுவர்களும், சான் பெத்ரோ கோயிலின் முகப்புமாக, ஞாபகச் சின்னமாய்ப் பாதுகாக்கப்படுகிறது.

ஆனால் ஞாபகம் என்பது அங்கே எளிதில் வந்ததன்று. பிராங்கோ 1975-இல் இறக்கும் வரை வென்றவர்களுக்கு மட்டுமே நினைவுக்கல் நாட்ட உரிமையிருந்தது. 1966-இல் தோர்த்தோசாவில் நதியின் நடுவே, இடிந்த பழம் பாலத்தின் தூண்மீது, வெற்றியைக் கொண்டாடும் உயர்ந்த இரும்புச் சின்னம் எழுந்தது. 1977-இல் ஜனநாயகம் திரும்பியபோது பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. பழையதைக் கிளறவேண்டாம் என்பது ஊரறிந்த ஒப்பந்தமாயிற்று. 2007-இலும் 2022-இலும் இயற்றிய சட்டங்களே, பெயரில்லாப் புதைகுழிகளைத் தோண்டி மாண்டவர்க்கு முகவரி தேடும் கடமையை அரசாங்கத்தின்மேல் வைத்தன. தோர்த்தோசாச் சின்னத்தை என்ன செய்வதென்று 2016-இல் நகர ஜனங்களின் வாக்கைக் கேட்டனர். அதை விளக்கத்துடன் வைத்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அத்துடன் வழக்கு ஓயவில்லை. வென்றவன் நாட்டிய கல்லை உடைப்பதா, அதன் அடியில் உண்மையை எழுதி வைப்பதா? இக்கேள்வி ஸ்பெயினுக்கு மட்டும் உரியதன்று.

இன்றைய சைக்கிள் பிரயாணி

1993 முதல் ஸ்பெயினில் கைவிட்ட இருப்புப் பாதைகளைப் ‘பசுமை வழிகள்’ என்ற பெயரில் நடப்பவர்க்கும் சைக்கிளிற் செல்வோர்க்கும் உரியனவாக மாற்றி வருகின்றனர். இப்படி மாறியவை 3,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அவற்றுள் ஒன்று, நம் பாதை. அராகோன் எல்லையிலுள்ள ஆர்னெஸ் அருகிலிருந்து தோர்த்தோசா வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். புகைவண்டிக்காகச் சரிவைச் சிறிதாக்கி அமைத்த வழியாதலால் ஏற்றத்தின் கஷ்டமில்லை. கடலை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டே போகலாம். பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் செல்லத் தக்க வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கனலேத்தெஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு; நடுவே பாலமும் குகையும் மாறி மாறி வரும். சில குகைகளில் இருள் கனமாகையால் கையில் விளக்கு அவசியம். இடையே போந்த்கால்தா என்னுமிடத்தில் வெந்நீர் ஊற்றும், பழைய கோயிலும் உண்டு. பிரயாணிகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நீராடுவர். ஸ்டேஷன்களிற் சில பாழாய்க் கிடக்கின்றன. சில, சாப்பாட்டு விடுதிகளாயின. வழியிலிருந்து சற்று விலகினால் ஓர்தா என்னும் மலையூர். பிக்காசோ என்னும் ஓவியர் வாலிபத்தில் நோயுற்றபோது வந்து தங்கியதும், 1909-இல் மறுபடி வந்து புதுமுறை ஓவியங்கள் தீட்டியதும் அவ்வூரிலேதான்.

மலையை விட்டிறங்கினால் எப்ரோ. மிரவெட் துறையிலே யந்திரமில்லாத தோணி ஒன்று, குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தின் பலத்தாலேயே மனிதரையும் வண்டியையும் அக்கரை சேர்க்கிறது. ஷெர்தா அணைக்கட்டில் நீர் இருபுறமும் வாய்க்கால்களாகப் பிரிகிறது. தோர்த்தோசாவுக்குக் கீழே நதிமுகத்தில், நம் கண்ணுக்குப் பழக்கமான காட்சி: எட்டிய மட்டும் நெல்வயல். நாம் ஊர்களில் விட்டுவந்த பச்சையை ஸ்பெயினிற் காண்பது விந்தையாகத் தோன்றும். அந்த வயல்களுக்கும் ஓர் அச்சம் உண்டு. மேலேயுள்ள அணைகள் வண்டலைத் தடுத்துக்கொண்டமையால் நிலம் வளரவில்லை. கடல் உள்ளே வருகிறது. 2020 ஜனவரியில் குளோரியா என்னும் புயலின்போது கடல்நீர் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களில் ஏறியது. நதியை அடக்கியவர்கள் அதன் கடனை நதிமுகத்துக் குடியானவன் தலையிற் கட்டினர்.

முடிவுரை

நேயர்களே, வியாபாரிகள் லாபத்துக்கென்று தொடங்கி, சேனாதிபதிகள் கொலைக்கென்று நடத்தி, கைதிகள் கட்டாயத்தால் முடித்து, அரசாங்கத்தார் செலவுக்கஞ்சிக் கைவிட்ட ஒரு பாதை, இன்று குழந்தைகள் மணியடித்துக்கொண்டு சைக்கிள் விடும் வழியாயிற்று. இதைக் கண்டு மகிழவேண்டுமா, வருந்தவேண்டுமா? மகிழவே வேண்டும் என்பது என் கருத்து. இரும்புத் தண்டவாளத்துக்குக் கிடைத்த முடிவுகளில் இதைவிட மேலானது யாது?

ஆனால் அம்மகிழ்ச்சிக்கு ஒரு விலையுண்டு. அது அறிந்துகொள்வது. அந்நாட்டார் வழிநெடுக இடிந்த ஊரைக் காட்டுகிறார்கள். மலைமேல் மாண்டவர்க்கு நினைவுக்கூடம் வைத்திருக்கிறார்கள். வயலில் எலும்பு கிடைத்தால் எடுத்து மரியாதையாக அடக்கம் செய்கிறார்கள். சைக்கிள் விடும் பிள்ளை குகையினுள் நுழையும்போது, ‘இதை யார் குடைந்தார், அப்பா?’ என்று கேட்டால், சொல்வதற்கு அவன் தகப்பனிடம் விடை இருக்கிறது.

நம் பிள்ளைகள் கேட்டால்? நாம் தினமும் மிதிக்கும் சாலையையும், ஏறிப்போகும் இருப்புப் பாதையையும், காட்டை அழித்து வகுத்த தோட்டத்தையும் உண்டாக்கியவர் யாரென்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், விடை சொல்லத் தெரிந்த பாட்டனும் பாட்டியும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோமாக. எப்ரோக்கரைக் குடியானவர் தம் வயலில் இரும்பைப் பொறுக்கினர். நாம் சொற்களையாவது பொறுக்குவோம்.